ஆவணி முதல் முகூர்த்தமும் ஒரு மண்கூடும்

1

இந்தக் கதை என் சட்டையில் விழுந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விழுந்தது. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. மண்டபத்து போர்டிகோவில், பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கிற மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பட்டாணி அளவுக்கு ஒரு ஈரமண் உருண்டை சொத்தென்று வந்து உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரை மூலையில் ஒரு குருவி சுவரைப் பற்றிக்கொண்டு மண்ணை ஒட்டிக்கொண்டிருந்தது. தவறவிட்டதற்கு ஒரு வருத்தமும் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே பந்தி மேல் பந்தியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். மேடையேறிப் போட்டோவில் நிற்காமல் வந்துவிட்டதற்காக அந்தச் சொந்தக்காரர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும், அவர் கல்யாணத்தில் பார்க்கத்தக்கதாக இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து குருவியைப் பற்றிக் கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். நன்றாக இருக்கிறதாம், ஆனால் ஆளே இல்லையாம். ஒரு பெண்ணைக் கொண்டுவாருங்கள், அவளுக்கும் குருவிக்கும் ஒரு முடிச்சுப் போடுங்கள், தானாகக் கதையாகிவிடும் என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மண்ணை எச்சிலில் குழைத்துக் கூரையில் தலைகீழாக வீடு கட்டுகிறது ஒரு பிராணி. அது போதவில்லையாம், பக்கத்தில் ஒருத்தி நின்று பெருமூச்சு விட வேண்டுமாம். ஆனாலும் எழுதுகிறேன். ஆளைக் கொண்டுவந்த பிறகும் குருவியைக் குருவியாகவே விட்டுவைக்க முடியுமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். முடியாது என்கிறவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "வானத்தின் நீலத்தைச் சிறகில் பூசிக்கொண்ட அந்தச் சின்னஞ்சிறு—"

வேண்டாம். வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "வெண்ணிலாவின் மனமும் அந்தக் கூட்டைப் போலவே—"

எதைச் செய்யமாட்டேன் என்று இப்போதுதான் சபதம் போட்டேனோ அதையே செய்யப் போகிறது கை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். எழுதின கையும் அப்படித்தான்.

மூன்றாவது தொடக்கம், இதை அடிக்கப் போவதில்லை:

புத்தகத்தில் அதன் பெயர் தகைவிலான். தகைவு என்றால் தளர்ச்சி, தடை. அது இல்லாதவன் என்று பொருள் சொல்வாரும் உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குருவி என்பார்கள், அவ்வளவுதான். கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும்போது கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். முதுகு கருநீலமாக மினுங்கும். இடுப்பில் செம்பழுப்பாக ஒரு பட்டை. வெளுத்த வயிற்றில் பென்சிலால் இழுத்தாற்போல மெல்லிய கோடுகள். வால் இரண்டாகப் பிளந்து நீண்டிருக்கும். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் பறக்கிறபோதே. ஏரிக்கு மேலே தாழப் பறந்துகொண்டே அலகை நனைத்து ஒரு மிடறு குடித்துவிட்டுப் போய்விடும். கொசு, ஈ, சிறு வண்டு எதுவானாலும் காற்றிலேயே பிடித்துக் காற்றிலேயே விழுங்கும். தரைக்கு இறங்குவதென்றால் பெரும்பாலும் மண்ணுக்காகத்தான்.

ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டும். ஈரமண்ணை உருட்டி அலகில் கவ்விவந்து, முன்பு வைத்த உருண்டையின் ஓரத்தில் அழுத்தி, தலையை லேசாக அதிர வைத்து ஒட்டும். கொஞ்சம் கட்டியதும் நிறுத்திவிடும். காயாத வரியின்மேல் அடுத்த வரி ஏற்றினால் மொத்தமும் சரிந்துவிடும் என்பதால் காய விட்டுத்தான் மறுபடி தொடங்கும். எழுதி முடித்த கூடு, மன்னிக்கவும், கட்டி முடித்த கூடு, கழுத்து நீண்ட கூஜாவை நெடுக்கில் பாதியாக அறுத்துக் கூரையில் ஒட்டியது போலிருக்கும். அந்தக் கழுத்துதான் வாசல். உள்ளே இறகும் புல்லும் மெத்தை.

(ஆசிரியர் இந்த இடத்தில் கொட்டாவி விடுவார். விடட்டும்.)

3

சரி, ஆள்.

வெண்ணிலா என்று ஒருத்தி இல்லை. இந்த வரியிலிருந்து இருக்கிறாள். அனந்தபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். செஞ்சி ரோட்டில் அந்த மண்டபத்துக்கு மேனேஜர். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதிலிருந்து மணமகள் அறைச் சாவியைத் தொலைக்கிறவர்களிடம் சண்டை போடுவது வரைக்கும் எல்லாம் அவள் தலையில்தான். மண்டபத்தின் சொந்தக்காரர் பெரியதம்பி. முகையூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர், மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்துபோவார்.

வெண்ணிலாவுக்கு ஒரு பேர் உண்டு. நாள், நட்சத்திரம் பார்ப்பதில் காலண்டருக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்கும் என்பார்கள். எந்த முகூர்த்தம் வளர்பிறை, எந்த நாளில் ராகுகாலம் இடிக்கிறது என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். தொழிலுக்காகக் கற்றுக்கொண்டாள், பிறகு நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டாள்.

ஆசிரியர் மறுபடி போன் செய்தார். அவளுக்கு எதற்குக் குருவிமேல் பாசம், காரணம் வேண்டாமா, குழந்தை இல்லாதவளாக வைத்துவிடுங்கள் என்றார். வைத்துப் பார்த்தேன். "பத்து வருடமாக நிறையாத மடியைத் தடவிக்கொண்டே வெண்ணிலா—" என்று எழுதும்போதே எனக்குக் குமட்டியது. பெண்ணையும் கூட்டையும் ஒரு பக்கத்தில் வைத்தால் உடனே ஒரு வெறும் தொட்டிலைக் கொண்டுவந்து கட்டிவிட வேண்டுமா என்ன? அடித்துவிட்டேன். வெண்ணிலாவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பிரவீன்குமார் காலேஜில் படிக்கிறான், போனை விட்டுத் தலையை நிமிர்த்தமாட்டான். சின்னவள் பத்தாவது, வாய் மூடமாட்டாள். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், பாதி நாள் சவாரி இருக்காது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவளுக்கு ஏக்கம் என்று ஒன்று இருந்தால் அது மத்தியானத்தில் அரை மணி கண்ணயர வேண்டும் என்பதுதான்.

குருவிமேல் அவளுக்குப் பாசமும் கிடையாது. ஆரம்பத்தில் எரிச்சல்தான் இருந்தது.

4

ஆடி பிறந்த அன்று காலையில் பூமாலை ஒட்டடைக் கோலோடு போர்டிகோவுக்கு வந்தாள். மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறவள், வெண்ணிலாவைவிட வயதில் மூத்தவள். கூடு அப்போது அரைவட்டமாக, ஒரு கையகலம் எழும்பியிருந்தது. கோலை ஓங்கினால் ஒரே தட்டு, வேலை முடிந்தது.

வெண்ணிலா ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"வேணாங்க்கா, வுடுங்க. ஆடி பொறந்துடுச்சு. இந்த மாசத்துல கட்டவும் கூடாது, இடிக்கவும் கூடாது. ஆவணி வரட்டும், பாத்துக்கலாம்."

பூமாலை கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவுதான் நடந்தது. கருணை, ஈரம் எதுவும் கிடையாது. சாஸ்திரம்தான். கட்டவும் கூடாது என்பதைக் குருவியிடம் சொல்லத்தான் ஆளில்லை.

(அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கேயே போடுகிறேன்: ஆடிக்கு ஆகாது என்று கல்யாணத்தையும் கிரகப்பிரவேசத்தையும் தள்ளிவைக்கிற அதே ஜனம்தான் ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறது. மண்ணில் வைக்கிறதற்கு ஆடி நல்ல மாதம். குருவிக்கு அந்தப் பாதி மட்டும் தெரிந்திருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். அதற்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. கூரையும் ஈரமண்ணும் தெரியும்.)

ஈரமண்ணுக்கு வருவோம். ஆடியில் எங்கள் பக்கம் காற்றுதான் அடிக்கும், மழை எப்போதாவது. குட்டையெல்லாம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்படியிருக்கக் குருவி மண்ணுக்கு எங்கே போயிற்று? மண்டபத்துக்குப் பின்னாலேயே போயிற்று. முகூர்த்தம் இல்லாத அந்த ஒரு மாதத்தில்தான் மண்டபக்காரர்கள் ஜமக்காளம் துவைப்பார்கள், அண்டா, குண்டான், ஜல்லடைக் கரண்டி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டுப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். பூமாலை தினமும் தேய்த்தாள். கழுவிய தண்ணீர் பின்பக்கத்துச் செம்மண்ணில் ஓடிச் சேறானது. இரண்டு குருவிகளும் அங்கிருந்து அள்ளிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் பறந்து போர்டிகோவுக்கு வந்தன. ஆக, இடிக்காமல் விட்டதும் ஆடி, மண் கொடுத்ததும் ஆடி.

வேலையில்லாத மாதம் என்பதால் வெண்ணிலாவுக்கு ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுது போகவில்லை. கூஜா வயிறு மூடியது. கழுத்து நீண்டது. ஒருநாள் சிட்டுக்குருவி ஜோடி ஒன்று வந்து அந்தக் கழுத்தில் தலையை விட்டுப் பார்த்தது. கட்டி முடித்த வீட்டைச் சிட்டுகள் பிடுங்கிக்கொள்வது உண்டு. தகைவிலான்கள் கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து விரட்டின. வெண்ணிலா வெளியே வந்து கையைத் தட்டிச் சிட்டுகளைத் துரத்தினாள். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பூமாலை பார்த்துவிட்டாள். சிரிக்கவும் சிரித்தாள்.

"மேனேஜரம்மா அதுக்கு வாட்ச்மேன் வேல பாத்துக்கினு கீறாங்க," என்று தண்ணீர் லாரிக்காரனிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

5

ஆவணி முதல் முகூர்த்தம் பெரியதம்பி வீட்டுக் கல்யாணம். மகள் கலைப்பிரியாவுக்கு. இது வெண்ணிலாவுக்கு முன்பே தெரியும், அதைப் பற்றி அவள் பயப்படவும் இல்லை. ஏனென்றால் அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆடிக் கடைசியில் ஒரு குருவி உள்ளேயே அடைந்து கிடந்ததைப் பார்த்து அடை காக்கிறது என்று புரிந்துகொண்டாள். பொரித்ததும் இறங்கி ஓடிவிடும், முகூர்த்தம் அதற்கப்புறம்தானே என்று இருந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது கோழி. கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த அன்றைக்கே தாய்க்குப் பின்னால் மேயப் போகும். தகைவிலான் குஞ்சு அப்படியல்ல. கண் திறக்காமல், உடம்பில் துணியில்லாமல், வாயை மட்டும் பிளந்துகொண்டு வரும். மூன்று வாரத்துக்கு மேல் கூட்டுக்குள்ளேயே கிடந்துதான் சிறகு முளைக்கும். அதுவரைக்கும் தாயும் தகப்பனும் பூச்சி கொண்டுவந்து ஊட்டி, குஞ்சுகளின் எச்சத்தைப் பொட்டலம் போலக் கவ்விக்கொண்டுபோய் வெளியே போடும். கோழி வளர்த்த எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்குமே இந்தக் கணக்குத் தப்பும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கூட்டிலிருந்து கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமும் இறங்கி ஓடவில்லை. மறுநாள் காலையிலும் ஓடவில்லை. வெண்ணிலா வீட்டில் பையனின் போனைப் பிடுங்கித் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சோறு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அரைவட்டமாக இருந்தபோதே தட்டியிருந்தால் வேறு கூரை தேடிப் போயிருக்கும். நாள் பார்த்துத் தள்ளிவைத்தது அவள். அந்த நாளை நம்பி அது குஞ்சு பொரித்துவிட்டது.

6

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். விழுப்புரத்திலிருந்து பூ அலங்காரம் செய்கிற தென்னரசு ஆட்களோடு வந்து ஏணி போட்டுவிட்டான். போர்டிகோ கூரை முழுக்க வெள்ளைத் துணி இழுத்து, அதில் சாமந்தியும் ஆர்க்கிட்டும் வைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வந்துவிடுவார்கள். பெரியதம்பி வெள்ளை வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்ணிலா தென்னரசிடம் முன்பே பேசி வைத்திருந்தாள். மூலையில் ஒரு முழம் துணியை விட்டுக் கட்டினால் குருவி வந்துபோகும் என்றாள். அவன் அதிலென்ன கஷ்டம், பூவிலேயே வளைவு கட்டி மறைத்துவிடலாம் என்றான். பெரியதம்பியிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. மகள் கல்யாணப் பந்தலில் ஓட்டையா என்று கேட்டார். ஆரத்தித் தட்டில் எச்சம் விழுந்தால் சம்பந்திக்கு யார் பதில் சொல்வது என்றார். மண்டபம் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையில் எச்சம் விழுந்து, அந்தம்மாள் கார் ஏறும்வரை பேசவில்லையாம். அவரும் மனுஷன்தானே. குருவிமேல் விரோதம் ஒன்றுமில்லை, மல்லாட்டை பயிரிடுகிற கொல்லையில் எத்தனையோ கூட்டைச் சுற்றி உழுதவன்தான் நான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் பூமாலையைப் பார்த்து, கோலை எடுத்து வந்து இடி என்றார்.

பூமாலை கோலை எடுத்துவந்தாள். எடுத்துவந்து வெண்ணிலாவைப் பார்த்தாள்.

(கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் முடிவுகள் எல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன.

ஆசிரியர் கொடுத்த முடிவு: மணப்பெண் கலைப்பிரியா மருதாணிக் கையோடு ஓடிவந்து, அப்பா, வேண்டாம் என்கிறாள். எல்லாரும் கண் கலங்குகிறார்கள். இதை எழுதமாட்டேன். மண்டபச் சொந்தக்காரர் மகள் மனது வைத்தால்தான் ஒரு குஞ்சு பிழைக்கும் என்றால் அது கதையல்ல, சிபாரிசு.

போட்டிக்கு அனுப்புகிறவர்கள் எழுதும் முடிவு: கூடு உடைகிறது, வெண்ணிலா மண்ணை வாரி நெஞ்சோடு அணைக்கிறாள், வானம் இருண்டு— தூ.

என் முடிவு ஒன்றும் இருந்தது: சம்பந்தி வீட்டார் சீக்கிரம் வந்துவிட, கூடு அப்படியே தப்பிக்கிறது. இது கோழைத்தனம். யாரும் எதையும் தீர்மானிக்காமல் கதை நழுவிவிடுகிறது.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். நான் கிழித்துக்கொண்டிருக்கும்போதே வெண்ணிலா என்னைக் கேட்காமல் நடந்துபோய்விட்டாள்.)

7

"குடுங்க்கா," என்று பூமாலையிடமிருந்து கோலை வாங்கினாள். அவளே இடிக்கப் போகிறாள் என்று நினைத்துப் பெரியதம்பி இரண்டடி விலகி நின்றார், தலையில் மண் விழாமலிருக்க.

அவள் கோலை அவரிடம் நீட்டினாள்.

"ஆடியில வுட்டு வெச்சது நானுங்க. அத நம்பி அது குஞ்சு பொரிச்சிடுச்சு. ஆவணி வந்துடுச்சின்னு இப்ப என்னால இடிக்க முடியாது. உங்க மண்டபம், உங்க வூட்டுக் கல்யாணம். இடிக்கணும்னா நீங்க இடிங்க. நான் குறுக்க நிக்கல."

"உன்ன வேலைக்கி வெச்சிக்கினு நான் ஒட்டட அடிக்கணுமா?"

"அப்ப வேற ஆளு வெச்சிக்கோங்க ஐயா," என்றாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துச் சந்தன மேசைமேல் வைத்தாள்.

 மகனின் காலேஜ் நினைவுக்கு வந்தது, அடுத்த மாதத்து அரிசி நினைவுக்கு வந்தது, புருஷன் கேட்கப்போகிற கேள்வி நினைவுக்கு வந்தது. பயம் பயமாகவே இருந்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுத்தவள், தனக்கென்று நாள் பார்க்காமல் செய்த முதல் காரியம் இது. படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். போகவில்லை, நின்றாள். நிற்பது அவள் இஷ்டம்.

(எனக்கும் அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. குருவியில் உன்னைப் பார்த்தாயா என்று கேட்கலாமென்று மரத்தடிக்குப் போனேன். கதாசிரியனுக்கு அந்தச் சலுகை உண்டு. "அது குருவி, நான் மனுஷி. என்னா சார் கேள்வி இது, பேஜாரு பண்ணிக்கினு," என்றாள். ஆசிரியருக்கு இதை அப்படியே அனுப்புகிறேன்.)

8

கோல் இப்போது பெரியதம்பியின் கையில்.

மேலே கூட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது. தாயோ தகப்பனோ ஒன்று வாய் நிறையப் பூச்சியோடு வந்து, ஏணியில் ஆட்களைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைய முடியாமல் போர்டிகோவைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. அவர் கோலைக் கொஞ்சம் உயர்த்துகிறார். கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. விடிந்தால் மகள் கழுத்தில் தாலி ஏறப்போகிறது. கூடு போய்விட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இன்றைக்குப் போய்த் தன் கையால் வேண்டாம். வேறு யார் கையாலாவது நடந்துவிட்டால் நிம்மதியாகச் சந்தனம் பூசிக்கொள்வார். உலகத்தில் பெரும்பாலான கூடுகள் இப்படித்தான் இடிகின்றன.

தென்னரசிடம் நீட்டினார். அவன் ஏணியிலிருந்தபடியே, நமக்குப் பூ வேலை மட்டும்தாங்க என்றான். பூமாலையைத் தேடினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வயதுக்கேற்ற நடையில், அவசரமே இல்லாமல் கேட்டைத் தாண்டி வேப்பமரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்தார். எழுதுகிறவன்தானே, உனக்கு ஒரு வரி வேலை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். "கூடு விழுந்தது" என்று எழுதினால் விழுந்துவிடும். "கோலைக் கீழே வைத்தார்" என்று எழுதினால் வைத்துவிடுவார். இரண்டில் எதை எழுதினாலும் அவர் தப்பித்துக்கொள்வார், பழியோ புண்ணியமோ என் தலைக்கு வரும். வெண்ணிலாவே ஓங்க மறுத்த கோலை நான் எதற்கு வாங்க வேண்டும்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியரே வந்து கேட்டாலும் மாட்டேன்.

போர்டிகோவில் இன்னும் ஒருவர் நிற்கிறார். அவருக்கு இந்த மண்டபத்தில் வேலையில்லை, சம்பந்தமும் இல்லை, பூ வேலையும் தெரியாது. முதல் பாராவிலிருந்து சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு கூடவே வந்தவர். இறங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோதும் இறங்காதவர்.

பெரியதம்பி அவரைப் பார்த்துவிட்டார். வேட்டி நுனியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கோலைப் பிடித்து உங்களிடம் நீட்டுகிறார்.

"கொஞ்சம் தட்டி வுட்டுடுங்களேன்," என்கிறார், மரியாதையாகத்தான்.